அத்தைக்கு ஏழு கேஸ்

போன மாதம் ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த இளைஞன் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்: "இன்னா கேஸும்மா?"

"விழுந்த கேஸ்" என்றேன்.

அத்தைக்கு எழுபத்தாறு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் எனக்குப் பின்னாலேயே படுத்திருந்தாள். பெயர், வயது, ஊர் என்று வரிசையாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தவன், தொழில் என்ன என்றான். ஒன்றும் இல்லை, வீட்டோடுதான் என்றேன். அதையும் தட்டினான். காகிதம் வெளியே வந்தது. அத்தை சுழலாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள், மாத்திரை டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள், உங்களுக்குத்தான் இது புரியும். நம் காலத்தில் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கப் பெரிய கதை எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை என் அத்தையின் தலையில் போட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. தப்பித்து இனி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

செஞ்சி கடைத்தெருவில் என் அப்பா, நாங்கள் நைனா என்போம், கயிற்றுக் கடை வைத்திருந்தார். கிணற்றுக்குத் தாம்புக்கயிறு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, வண்டிப் பாரம் கட்ட வடம். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீடு முழுக்கத் தேங்காய் நார் வாசனை. சோற்றில்கூட ஒரு நார் அகப்படும். பங்குனி வந்துவிட்டால் கோட்டை மலைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெய்யிலைச் சாயங்காலம் ஊர் மேல் கொட்டும்; அப்போது நார் வாசனை இன்னும் தூக்கும். கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்தால் ஊர்ப் பேச்செல்லாம் காதுக்கு வரும். அந்தப் பேச்சில் நான் அதிகம் கேட்ட இங்கிலீஷ் சொல் கேஸ்.

நடுச்சுவர் யாருடையது என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் நைனாவுக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்தது. அதன் பேர் சுவர் கேஸ். எதிர்க்கடையில் கலர் சோடா பாட்டில்கள் அடுக்கிய மரப்பெட்டி ஒரு கேஸ். வக்கீல் குமாஸ்தா கண்ணாடியைப் போட்டு மூடும் டப்பாவும் கேஸ். பத்தாவதில் மூன்று முறை தவறிய என் பெரியப்பா மகன் தேறாத கேஸ். பஸ் ஸ்டாண்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்த ஒருவர் லூசு கேஸ். சோடாவில் பொங்குவதையும் வயிற்றில் பொருமுவதையும் நாங்கள் கேஸ் என்றுதான் சொன்னோம். அது வேறு சொல்லாம், எழுத்தே வேறாம். எங்கள் வாய்க்கு அதெல்லாம் தெரியுமா என்ன.

இன்னும் ஒரு கேஸ் இருந்தது. கடைக்கு வரும் ஆண்கள், தெருவில் போகும் ஒருத்தியைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தி, அது கேஸு என்பார்கள். நைனா உடனே என்னை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வரச் சொல்வார். நான் சொம்போடு திரும்பி வரும்போது பேச்சு நெல் விலைக்குப் போயிருக்கும். காசுக்கு ஆண்களோடு போகிறவள் என்ற அந்த அர்த்தம் மட்டும் இப்படியாக எனக்குக் கிடைக்காமலே போயிற்று. கிடைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். குழந்தைக்குத் தெரியக்கூடாது என்று நைனா மறைத்தது, கடைசியில் அவர் தங்கையின் கழுத்தைத்தான் அறுத்தது.

எனக்குத் தெரிந்த கேஸ் அத்தையினுடைய கேஸ். அத்தை நைனாவின் ஒரே தங்கை. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பாண்டிச்சேரியில் ஒரு வருடம் பிரசவம் பார்க்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, கடைத்தெருக் கோடியில் இருந்த டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். டாக்டர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பெரியவர். அவரிடம் வருகிற யாருக்கும் பேர் கிடையாது. தேள்கடி கேஸை உள்ளே அனுப்பு, வயிற்றுப்போக்கு கேஸுக்கு உப்புத் தண்ணீர் கொடு என்பதுதான் அவர் பேச்சு. அத்தையும் அதைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, இன்றைக்கு அஞ்சு கேஸ், இன்றைக்கு ஆறு கேஸ் என்று அம்மாவிடம் சொல்வாள்.

பிரசவம் என்றால் ஆட்கள் நேராக வீட்டுக்கே வந்துவிடுவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாட்டு வண்டி வரும். மேல்சித்தாமூரிலிருந்து ஒருத்தர் மூச்சிரைக்கச் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார். யாரோ ஒரு பெரிய அதிகாரியின் மனைவிக்கு வலி எடுத்தபோது ஜீப்பே வந்து கடை வாசலில் நின்றது. அன்றைக்குத் தெருப் பிள்ளைகள் முன்னால் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கேஸ் வந்திருக்குது அண்ணி, போயிட்டு வந்துடறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை கிளம்புவாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் புடவை வைத்துக் கொடுப்பார்கள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். கேஸ் என்றால் அத்தையைத் தேடி வருகிறவர்கள். கேஸ் கூடக்கூட அத்தை பெரிய ஆள்.

அவளிடம் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. என் முன்கை நீளம் இருக்கும். உள்ளே கண்ணாடி சிரிஞ்சு, இரண்டு மூன்று ஊசிகள், பஞ்சு. அதற்கும் பேர் கேஸ்தான். கேஸை எடுத்தாடி என்றால் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவேன். தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கும்போது ஊசிகள் அதற்குள் கிணுகிணு என்று ஆடும். ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் ஸ்பிரிட் வாசனை வரும். எங்கள் வீட்டில் நார் வாசனைக்கு அடங்காத வாசனை அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை அனந்தபுரத்துக்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்து வேலை. அவருடைய அம்மாவுக்குக் காலில் புண் புரையோடி டாக்டரிடம் வந்தபோது தினமும் கழுவிக் கட்டுப் போட்டவள் அத்தை. பதினைந்து நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர், புண் ஆறியதும் தரகரை அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலைக்குப் போகலாம் என்று அவராகவே சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா. வேலையை விடச் சொன்னார்கள் என்பதற்காகவே முன்னால் வந்த இரண்டு வரன்களை வேண்டாம் என்றவள் அத்தை. இந்த வரனைப் பற்றி நைனா கேட்டபோது உள்ளே போய், ஏற்கெனவே பளபளவென்று இருந்த டப்பாவைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். அம்மா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஸ்பெஷல் பஸ்கள் கூரை மேலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். வெய்யிலில் மயங்கியவர்கள், நெரிசலில் கால் மிதிபட்டவர்கள் என்று டாக்டர் வீட்டு வாசல் நிரம்பிவிடும். அன்றைக்கு அத்தை இருட்டும் வேளைக்கு வந்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மயக்க கேஸ், எலும்பு கேஸ் என்று விரல் விட்டு அம்மாவிடம் சொன்னாள். நானும் கூடவே எண்ணினேன். ஏழு வரை எண்ணியது நினைவிருக்கிறது. பிறகு அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று அம்மா என்னை விரட்டினாள்.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா மட்டும் வீட்டைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் கடைப் பக்கம் வந்தாள். சிவப்புக்கல் மூக்குத்தி, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். என்னைத் தூக்கி ஒரு வடச்சுருளின் மேல் உட்கார வைத்தாள். எந்த வகுப்பு, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு, உங்கள் அத்தைக்கு வேலையெல்லாம் எப்படி என்றாள்.

"எங்க அத்தைக்கு நெறைய கேஸு வரும்" என்றேன். "அமாவாசை அன்னைக்கு ஒரே நாள்ல ஏழு கேஸு. வூட்டுக்கே வந்து கூட்டினு போவாங்க. ஜீப்பு கூட வந்துது. கேஸு நல்லபடியா முடிஞ்சா புடவை குடுப்பாங்க."

அவள் சிரித்தாள். என் கன்னத்தைக் கிள்ளி, இரண்டாவது பிஸ்கட்டைக் கையில் கொடுத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு கண்ணு."

சொன்னேன். கூட வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தியை அழைத்து, அவளுக்கும் சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை இன்னும் உரக்கச் சொன்னேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அதன் கீழ் இடுக்கில் பச்சைப் புடவையின் ஓரம் தெரிந்தது. காபித் தட்டோடு அத்தை அங்கே காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை காபியை எடுக்கும்போது தட்டில் கொஞ்சம் சிந்தியதை நான் பார்த்தேன். அத்தை பிடித்திருந்த தட்டு ஆடவில்லை.

போய்த் தகவல் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணைப் பற்றி உங்கள் வீட்டுக் குழந்தையே சொல்லுகிறதாமே, குழந்தை பொய் சொல்லுமா என்று கேட்டார். நான் சொன்ன வாக்கியம் அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், ஜீப்பும் புடவையும் உட்பட அவர் வாயில் இருந்தது. அவருக்கு முன்னாலேயே அது கடைத்தெருவுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

இதில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடவில்லை. அந்த அக்காவின் அம்மா காலுக்குக் கட்டுப் போட்டதே அத்தைதான்; கேஸ் என்று நான் எதைச் சொன்னேன் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தம்பிக்குத் தன் நாத்தனாரைக் கட்டி வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. வைகாசியில் அதுதான் நடந்தது. வழி தெரியாமல் இருந்தவளுக்கு நான் வழி காட்டினேன். அதற்குக் கூலி இரண்டு பிஸ்கட்.

அம்மா என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், என்னடி சொன்னாய் என்று கேட்டாள். நான் நாலாவது முறையாகச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள். முழுதாகச் சிரித்து முடிப்பதற்குள் நிறுத்திக்கொண்டு, இனிமேல் அந்தச் சொல்லை வாயில் எடுக்காதே என்றாள். அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அதை அவள் நைனாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள், வயிற்றில் இன்னொன்று. அத்தை வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு ஒரு கை கூடும். அம்மா கெட்டவள் இல்லை. களைத்துப் போனவள். ஆனால் அந்த ஒரு பேச்சை அவள் விழுங்கியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நைனா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து வேலைக்குப் போவாத."

"நான் இன்னா தப்பு பண்ணண்ணா?"

"நீ தப்பு பண்ணலம்மா. அதனாலதான் சொல்றேன். ஊர் வாய் அடங்கட்டும்."

டப்பாவை வாங்கிக் கடையில் கல்லாவுக்குக் கீழே இருந்த மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். தங்கை மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அவருக்கு நினைப்பு. அது வரைக்கும் பாதி ஊர்தான் நம்பியிருந்தது. மறுநாள் அத்தை வேலைக்குப் போகவில்லை என்றதும் மீதியும் நம்பிவிட்டது. ஒன்றுமில்லை என்றால் எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

பத்து நாள் பார்த்துவிட்டு டாக்டரே கடைக்கு வந்தார். நல்ல கை அது, வீணாக்காதே, அனுப்பு என்று நைனாவிடம் சொன்னார். நைனா எழுந்து நின்று, கலர் வாங்கி வரச் சொல்லிக் கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பினார். டாக்டர் தலை மறைந்ததும் எதிர்க்கடைக்காரர், பார்த்தீர்களா, தேடிக்கொண்டு வருகிறார் என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெரியவர் வந்ததும் சாட்சியாகிப் போனது.

மாப்பிள்ளையும் ஒரு நாள் வந்தார். நான் கடையில்தான் இருந்தேன். தாம்புக்கயிறு இருக்கிறதா என்று கேட்டார். எத்தனை முழம் என்று நைனா கேட்டார். அவருக்கு எத்தனை என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டுக் கிணற்றில் ராட்டினமும் கயிறும் புதிதாகத்தான் இருந்திருக்கும். நைனா கையால் அளந்து வெட்டிக் கொடுத்தார். உள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றவர், கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் அக்கா சொன்னது பொய் என்று சொல்லக் கூட வேண்டாம், உங்கள் தங்கை இருக்கிறாளா என்று கேட்டிருக்கலாம். ஆண்பிள்ளை கயிறு வாங்கிக்கொண்டு போனார்.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம் கடை வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. வைக்கோல் மேல் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அத்தையைக் கேட்டார்கள். அவளுடைய மூத்த பிள்ளையை எடுத்தவள் அத்தைதான். கூப்பாடு கேட்டு அத்தை சோற்றுக் கையோடு கதவு வரை வந்துவிட்டாள். தங்கச்சி ஊரில் இல்லை என்று நைனா சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். நான் நடுவில். வண்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்ததாகச் சாயங்காலம் சொன்னார்கள். அத்தை நல்லது என்றாள். அதற்குப் பிறகு வண்டி எதுவும் வரவில்லை. ஓர் ஊருக்கு ஒருத்தி வேண்டாதவளாகிப் போக இரண்டு மாதம் போதுமாக இருந்தது.

இப்போது நான் சொல்லப் போவதுதான் எனக்கே பிடிக்காதது. அந்தக் கோடை எனக்கு இனித்தது. அத்தை நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். எனக்கு விதவிதமாகத் தலை பின்னிவிட்டாள். மல்லிகைப் பூவை வாழை நாரில் நெருக்கிக் கட்டத் தெரிந்தவள் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். தினமும் என் தலையில் பூ இருந்தது. வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி மிளகாய்த்தூள் தடவித் தந்தாள். கிணற்றடியில் அவளோடு சேர்ந்து துணி துவைத்தேன். கேஸ் வராததால் அத்தை எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டாள். ஒரு நாள் கூட, ஏன் அத்தை நீ வேலைக்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவாளோ என்று பயம்.

பதினாலு வயதில்தான் எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னோடு சண்டை போட்டு, உங்கள் வீட்டில் ஒரு கேஸு இருக்குதே என்றாள். என்ன அர்த்தம் என்று கேட்டு அவளிடமே தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தபோது அத்தை முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். வெய்யில் என்றேன். அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்ல முடியவில்லை. மறுநாள் சொல்லாததை ஐம்பது வருடம் சொல்லவில்லை.

வரன் பேச்சு முப்பது வயதோடு நின்றது. அத்தை என் தம்பிகளை வளர்த்தாள், பிறகு என் பிள்ளைகளை வளர்த்தாள். என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெளியே நின்றாள். உள்ளே இருந்த நர்ஸ், கூட்டம் போடாமல் தள்ளி நில்லும்மா என்று அவளை விரட்டியது எனக்குக் கேட்டது. நான் வலியில் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. வலி தீர்ந்த பிறகும் சொல்லவில்லை.

நைனா போன பிறகு கடையை ஒழித்தபோது கல்லாவுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தோம். டப்பா இருந்தது. சிரிஞ்சைக் காணோம். அதற்குள் நைனா கோணி ஊசிகளைப் போட்டு வைத்திருந்தார், எண்ணெய் தடவி, துரு பிடிக்காமல். எத்தனை வருடமாக அவர் தினமும் அதைத் திறந்து மூடினாரோ தெரியாது. அத்தையிடம் நீட்டினேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். எண்ணெய் வாசனைதான் வந்தது. உன் தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டாள். அவன் வீடு மாறும்போது அது எங்கேயோ தொலைந்தது.

என் பேத்தி சென்னையில் சட்டம் படிக்கிறாள். அத்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, இந்தக் கேஸ் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது என்று போனில் பார்த்துச் சொன்னாள். விழுவது என்று அர்த்தமாம். ஒருவர் தலையில் வந்து விழுவது, நேர்வது. டப்பாவைச் சொல்லும் கேஸ் லத்தீனிலேயே வேறொரு சொல்லாம், அதற்குப் பிடித்து வைத்துக்கொள்வது என்று பொருளாம். அவள் அதைச் சுவாரசியமாகச் சொன்னாள். நானும் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்து முடிந்து ஐம்பது வருடம் ஆயிற்று என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

பேத்தி கிளம்பிப் போன மத்தியானம், ஒரு சின்ன வயது நர்ஸ் அத்தைக்கு மருந்து ஏற்ற வந்தாள். மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வியர்த்துவிட்டது.

"கைய கீழ தொங்க விட்டு ரெண்டு நிமிஷம் பொறும்மா" என்றாள் அத்தை. "மேல குத்தாத. மணிக்கட்டுப் பக்கம் ஒண்ணு ஓடுது பாரு, அதுல போடு."

நாலாவது குத்தில் ஏறியது. நர்ஸுக்கு ஆச்சரியம். பாட்டி நீங்கள் நர்ஸா என்று கேட்டாள்.

"இவள கேளு" என்று அத்தை என்னைக் காட்டினாள். "வூட்டோடதான்னு சொல்லி எழுத வெச்சிருக்கா."

நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் அக்கா, பிஸ்கட், நான் மூன்று முறை சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்திரண்டு வயதில் மூக்கு ஒழுக அழுதுகொண்டு சொன்னேன். அத்தை கடைசி வரைக்கும் கேட்டாள்.

"தெரியும்டி. கதவுக்குப் பின்னாடிதான நின்னுனு இருந்தேன்."

"தெரிஞ்சா ஏன் அத்தை வெளிய வந்து ஒண்ணும் சொல்லல?"

"நீ அவ்ளோ பெருமையா சொன்ன. என்னைப் பத்தி அப்டி யாரும் சொன்னதில்ல. கேக்க நல்லா இருந்துது, நின்னு கேட்டுனு இருந்துட்டேன். அதுல தப்பு இருக்குதுன்னு எனக்கும்தான் தெரியல."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"ஏழு இல்ல" என்றாள். "அன்னைக்கு ஒம்போது கேஸு."

நான் நேராகக் கவுண்டருக்குப் போனேன். தொழில் என்ற இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், அவர் பிரசவம் பார்க்கிறவர், மாற்றிப் போடுங்கள் என்றேன். கேஸ் ஷீட் அச்சாகி டாக்டர் கையெழுத்தும் ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றான் இளைஞன். கோபமில்லாமல்தான் சொன்னான். வயதானவர்களுக்கு இதெல்லாம் எதற்கம்மா என்றும் கேட்டான். நான் பேனாவை எடுத்துக்கொண்டு போய், கட்டில் கால்மாட்டில் தொங்கிய காகிதத்தில் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு நானே எழுதினேன். மறுநாள் காலை யார் இதில் கிறுக்கியது என்று பெரிய நர்ஸ் சத்தம் போட்டார். வேறு சுத்தமான காகிதம் வந்து தொங்கியது.

பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். கொடுத்த காகிதங்களை அத்தை என்னிடம் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். ஊசி பேர், மாத்திரை பேர் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் படித்தாள். முதல் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"மருந்தெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று சொல்லி, மடித்து என்னிடம் கொடுத்தாள்.

அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள்.